யாருக்கோ எழுதிய விதிகள்: மலாக்காத் தமிழ்ப் பிள்ளைகளும் பால்மாற்ற மருத்துவமும்

மலாக்கா நகரின் துக்காங் எமாஸ் சாலையில், இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும் மலாக்காச் செட்டிகளின் 1781-ஆம் ஆண்டுப் பொய்யாத விநாயகர் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சுற்றுலாக் கையேடுகள் அதை நல்லிணக்கத் தெரு என்கின்றன. இரண்டு வாசலிலும் தமிழ் பேசும் குடும்பங்களைப் பார்க்கலாம். ஆனால் ஒரு வாசலிலிருந்து சேலை கட்டிக்கொண்டு இறங்கும் இளைஞன்மீது மலாக்கா மாநிலத்தின் 1991-ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டப்படி வழக்குப் போடலாம். மற்ற வாசலிலிருந்து இறங்குபவன் அந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படமாட்டான்.

கண்ணில் படாததால் அவனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். 'அது மலாய்க்காரர் பாடு, நமக்கில்லை' என்ற பேச்சைத் தோட்டத்திலும் கேட்கலாம், டவுனிலும் கேட்கலாம். மலாக்காவின் தமிழ்ப் பிள்ளை ஒன்று, தன் உடலின் பாலும் தன் மனம் சொல்லும் பாலும் ஒத்துப்போகவில்லை என்று 12 வயதில் உணரத் தொடங்கினால், அதற்குப் பிறகு நடப்பவற்றில் பெரும்பங்கை முடிவு செய்வது அந்தப் பிள்ளையை நினைத்து எழுதப்படாத விதிகள்தாம். முஸ்லிம்களுக்காகச் சொல்லப்பட்ட ஃபத்வா, குடிகாரர்களுக்காக எழுதப்பட்ட சிறு குற்றச் சட்டம், கிளார்க் பிழையைத் திருத்துவதற்காக வைத்த பதிவுப் பிரிவு என்று பட்டியல் நீளும். எனக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்வியின் மையம் இங்கேதான்.

உலகத்தில் இதற்கு வேறு வடிவம் உண்டு. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலம் 2021-இல், ஆளுநரின் மறுப்பையும் மீறி, 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பால்மாற்ற மருத்துவம் செய்வதைத் தடுத்தது. பிறகு 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் போயின. டென்னசி மாநிலத்தின் 2023-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 18 அன்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டமன்றம் மருத்துவரின் கையைப் பிடிக்கலாமா என்பதுதான் அங்கே வழக்கு.

மலாக்காச் சட்டமன்றம் அப்படியொரு மசோதாவைக் கொண்டுவர நினைத்தாலும் முடியாது. கூட்டரசு அரசியலமைப்பின் 9-ஆம் அட்டவணையில் மருத்துவம், மருத்துவமனை, கிளினிக், மருத்துவத் தொழில் எல்லாம் கூட்டரசின் பட்டியலில் இருக்கின்றன. மாநிலத்தின் பட்டியலில் இருப்பது நிலம், உள்ளூராட்சி, பிறகு இஸ்லாமியச் சமயச் சட்டம். அந்தச் சமயச் சட்டமும் இஸ்லாத்தைத் தழுவியவர்கள்மேல் மட்டுமே செல்லும். அதில்கூட வரம்பு உண்டு: 1965-ஆம் ஆண்டு ஷரியா நீதிமன்றங்கள் குற்ற அதிகாரச் சட்டம், 1984 திருத்தத்துக்குப் பின், 3 ஆண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், 6 பிரம்படி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. எந்தக் கிளினிக்கில் எந்த ஊசி போடலாம் என்பதில் மாநிலத்துக்கு வேலையில்லை. தெருவில் யார் என்ன உடுத்தலாம் என்பதில் மட்டும், ஒரு சமயத்தாரைப் பொறுத்தவரை, வேலை உண்டு.

அந்த வேலையை மலாக்கா விரிவாக்கப் பார்த்ததும் உண்டு. 2011-இல் அப்போதைய முதலமைச்சர் முகமது அலி ருஸ்தம், ஓரினச் சேர்க்கைக்கு எதிராக மாநிலத்தின் சட்டத்தைக் கடுமையாக்கப்போவதாகச் சொன்னார்; பகாங்கும் அதே திட்டத்தில் இருந்தது. பக்கத்து நெகிரி செம்பிலானில் பெண்ணுடைத் தடை சிரம்பானைச் சேர்ந்த மூன்று திருநங்கைகளால் வழக்காகி, 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்று சொல்லி அதைக் கவிழ்த்தது. தடை நியாயமா என்ற கேள்விக்குள் அது போகவில்லை. 2021-இல் சிலாங்கூர் ஷரியாச் சட்டப் பிரிவொன்றையும், 2024 பிப்ரவரியில் கிளந்தான் ஷரியாச் சட்டத்தின் 16 பிரிவுகளையும் கூட்டரசு நீதிமன்றம் நீக்கியபோதும் காரணம் அதிகார எல்லைதான். மனிதர் எப்படி வாழலாம் என்று நீதிமன்றங்கள் பேசியது குறைவு. எந்த அரசு எதைப் பற்றிச் சட்டம் போடலாம் என்று பேசியதே அதிகம்.

மலாக்காவில் பிறந்த நிஷா அயூப் இந்தச் சட்டங்களின் கீழ் இளவயதில் மூன்று மாதம் சிறையில் இருந்தவர். பின்னாளில் திருநர் உரிமைக்காக அமைப்புகளை நடத்தி, 2016-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் துணிச்சல்மிக்க பெண்களுக்கான விருதைப் பெற்றார். மாநிலத்தின் பெயரை உலகுக்குச் சொன்ன மலாக்காக்காரர்களில் அவரும் ஒருவர். மாநிலம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாது என்பது வேறு விஷயம்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். பேச்சில் எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. பருவம் தொடங்கும்போது அதை நிறுத்தி வைக்கும் ஊசிகள் ஒரு வகை. அவை புதியவை அல்ல. எட்டு வயதுக்கு முன்பே பூப்பெய்தும் அறிகுறி காட்டும் பெண் குழந்தைகளுக்கும் அதே ஊசிகளைக் குழந்தை நல மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் போடுகிறார்கள். எதிர்ப்பாலின் ஹார்மோன்கள் இரண்டாவது வகை. 2017-இல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி பொதுவாக 16 வயதையொட்டி இவற்றைப் பற்றிப் பேசுகிறது. அறுவை மூன்றாவது. பிறக்கும்போதே உறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குழந்தைகளுக்குச் செய்யும் 'சரிசெய்யும்' அறுவை நான்காவது. முதல் மூன்றைப் பிள்ளை கேட்கிறது, பெரியவர்கள் தயங்குகிறார்கள். நான்காவதில் பிள்ளை எதுவும் கேட்பதில்லை, பெரியவர்கள்தாம் அவசரப்படுகிறார்கள். இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் சட்டம் பேசினால் பேச்சு திசைமாறிவிடும்.

ஆசியாவில் இந்த மருத்துவத்தின் தொடக்கத்தில் ஒரு தமிழர் நிற்கிறார். இலங்கையில் பிறந்த பேராசிரியர் எஸ். சண் ரத்னம் 1971 ஜூலை 30 அன்று சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பால்மாற்ற அறுவையைச் செய்தார். 1973-இல் சிங்கப்பூர் அரசு அறுவைக்குப் பின் அடையாள அட்டையை மாற்றிக்கொள்ள வழிவிட்டது. மலாக்காவிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணம்தான். மலேசியாவிலும் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்த அறுவைகள் நடந்துகொண்டிருந்தன. 1982-இல் தேசிய ஃபத்வா மன்றம் பால்மாற்ற அறுவை கூடாது என்று முடிவெடுத்தது. பிறவியிலேயே இருபால் உறுப்புள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அதன்பின் பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை நின்றது.

ஃபத்வா முஸ்லிம்களுக்கானது. இந்துத் தமிழரையோ கிறிஸ்தவத் தமிழரையோ அது கட்டுப்படுத்தாது. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அறுவைக் கூடத்தின் கதவு ஒன்றுதான். அது சாத்தப்பட்டபோது எல்லாருக்கும் சாத்தப்பட்டது. இங்கிருந்து போகக்கூடியவர்கள் தாய்லாந்துக்குப் போகிறார்கள். அங்கும் மருத்துவ மன்றத்தின் 2009-ஆம் ஆண்டு விதிப்படி 18 வயதுக்குக் கீழ் அறுவை கிடையாது, 18 முதல் 20 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆகவே மலாக்காவில் சிறுவர்களுக்கு அறுவை நடக்கிறதோ என்று பயப்படுபவர்கள் அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துவிட்டு இந்த ஊர் வானத்தைப் பார்க்கிறார்கள்.

அறுவையை விடுங்கள். 12, 13 வயதுதான் இங்கே பேசவேண்டிய வயது. ஜாசின், அலோர் காஜா, மத்திய மலாக்கா என்று மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கும் தமிழ்ப் பள்ளிகளில் பல, தோட்டத்தில் பிறந்த சின்னப் பள்ளிகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, குடும்பங்கள் டவுன் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த பிறகும் அந்தப் பள்ளிகளின் சுபாவம் பெரிதாக மாறவில்லை. ஆசிரியருக்குப் பிள்ளையின் அம்மாவைத் தெரியும், பாட்டியையும் தெரியும். 'அவன் கொஞ்சம் அப்படித்தான், ஆனா நல்லா ஆடுவான்' என்று ஒரு மாணவன் ஆறாம் ஆண்டு வரை காலம் தள்ளிவிடுவான். பள்ளி ஆண்டு விழாவில் பெண் வேடம் கட்டினால் கைதட்டுகூடக் கிடைக்கும். தோட்டத்து மேடையில் ஆண்கள் பெண்வேடம் போட்ட பழக்கம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மேடை வரைக்கும் அது கலை.

பிறகு படிவம் ஒன்று, அல்லது புகுமுக வகுப்பு. மெர்லிமாவிலோ புலாவ் செபாங்கிலோ தெரியாத முகங்கள் நிறைந்த இடைநிலைப்பள்ளி. உடலில் மாற்றம் தொடங்குவதும் அதே ஆண்டில்தான். 12 வயதில் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய் மைகாட் என்னும் அடையாள அட்டை எடுப்பதும் அப்போதுதான். அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பிறந்தபோதே கிடைத்த எண் அது. ஆனால் பிள்ளை தானே பையில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கும் பேங்க்குக்கும் நீட்டத் தொடங்குவது இந்த வயதில்.

பள்ளியில் பையன்களுக்குக் குட்டைமுடி. 1959-ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகள் பிரம்படியை ஆண் மாணவர்களுக்கு மட்டுமே அனுமதிக்கின்றன, பெண்ணை அடிக்கக்கூடாது. அதாவது அட்டையின் கடைசி இலக்கம் பிரம்பின் திசையையும் முடிவு செய்கிறது. ஒழுங்கு ஆசிரியர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை, விதியைப் பார்த்து நடப்பவராக இருந்தாலே போதும். மாணவர்களின் கிண்டல் எங்கே போய் முடியும் என்பதை 2017-இல் பினாங்கு காட்டியது. பெண்மைச் சாயலுக்காகக் கேலி செய்யப்பட்டு வந்த 18 வயதுத் தமிழ் இளைஞன் ஒருவன் தன் வயதுப் பையன்களால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் இறந்தான். நாடு முழுக்க அதிர்ந்த அந்த மரணத்துக்குப் பின் பள்ளி வன்முறை பற்றி நிறையப் பேசினோம். அவனை ஏன் குறிவைத்தார்கள் என்பதைப் பேசத் தயங்கினோம்.

அரசின் கை பிள்ளைகள்மேல் நேரடியாகப் பட்ட சம்பவங்கள் சிலவும் உண்டு. 2011-இல் திரங்கானு மாநிலக் கல்வித் துறை, பெண்மைச் சாயல் உள்ளதாக ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய 66 மாணவர்களை ஒரு முகாமுக்கு அனுப்பியது. 2017-இல் கூட்டரசுச் சுகாதார அமைச்சு 13 முதல் 24 வயது வரையுள்ளோருக்கு ஒரு காணொளிப் போட்டி வைத்தபோது, 'பால் அடையாளக் குழப்பத்தை'த் தடுப்பது எப்படி என்பது அதன் தலைப்புகளில் ஒன்று. 4,000 ரிங்கிட் வரை பரிசு. எதிர்ப்பு கிளம்பிய பிறகு வாசகத்தை மாற்றினார்கள். மருத்துவம் முழுக்கக் கூட்டரசின் கையில் என்று மேலே சொன்னேன். அந்தக் கை இந்த வயதினருக்கு நீட்டியது இதை.

வீடு கைவிட்டால்? 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் 18-க்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்கிறது. அதன் 46-ஆம் பிரிவுப்படி, பிள்ளை தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று பெற்றோரே சிறார் நீதிமன்றத்திடம் கேட்டுக்கொள்ளலாம். நீதிமன்றம் நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் விடலாம், அங்கீகரிக்கப்பட்ட பள்ளிக்கும் அனுப்பலாம். குற்றம் செய்த சிறாருக்கான ஹென்றி கர்னி பள்ளி தெலோக் மாஸில் இருப்பதால் மலாக்காப் பெற்றோருக்கு இந்த மிரட்டல் பழக்கமானது: 'தெலோக் மாஸுக்கு அனுப்பிடுவேன்.' பால் அடையாளத்துக்காக இந்தப் பிரிவு எழுதப்படவில்லை. ஆனால் நாளும் வீட்டை விட்டு ஓடும் பிள்ளை, பள்ளிக்குப் போகாத பிள்ளை, தலைமுடி வெட்ட மறுக்கும் பிள்ளை என்று அதற்குள் யாரையும் நுழைக்கலாம். 18 தாண்டிய திருநங்கைக்கு 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காத்திருக்கிறது. குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்பவர்களுக்காக வந்த அந்தப் பிரிவில் அநாகரிக நடத்தை என்ற சொற்களும் உண்டு. முதல் முறை 25 ரிங்கிட் வரை அபராதம். தொகை சின்னது, லாக்கப்பில் கழியும் இரவு சின்னதல்ல.

இவ்வளவுக்கும் நடுவில் மருத்துவம் எங்கே இருக்கிறது? மருந்துக் கடையில். ஹார்மோன்கள் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை. பலவற்றுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். ஆனால் கருத்தடை மாத்திரை சீட்டில்லாமல் மருந்தாளரிடமே கிடைக்கிறது. திருநங்கைகளிடையே பல காலமாக ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும் மருத்துவ அறிவு இந்த மாத்திரையில்தான் தொடங்குகிறது. எது முகத்தை மாற்றும், எது மார்பை வளர்க்கும், எத்தனை விழுங்கலாம் என்று மூத்த அக்கா ஒருவர் சொல்லிக்கொடுப்பார். அவர் கெடுதல் நினைப்பதில்லை. அவருக்கும் இன்னொரு அக்காதான் சொல்லிக்கொடுத்தார்.

அந்த மாத்திரைகளில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் இரத்தக் கட்டி உண்டாக்கும் அபாயம் உள்ளது. அதனால்தான் இன்றைய வழிகாட்டிகள் பால்மாற்றத்துக்கு அதைத் தவிர்த்து வேறு வகை ஈஸ்ட்ரோஜனைப் பரிந்துரைக்கின்றன, அதையும் இரத்தச் சோதனையோடு. ஒன்றுக்குப் பதில் மூன்று விழுங்கினால் மூன்று மடங்கு சீக்கிரம் பலன் வரும் என்று நம்பும் 15 வயதுப் பிள்ளைக்கு இரத்தச் சோதனையைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. ஈரல் நோயோ சர்க்கரையோ குடும்பத்தில் இருக்கிறதா என்று கேட்கவும் ஆளில்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்று எல்லாருக்கும் தெரியும்.

சட்டப்படி ஒரு மலாக்கா மருத்துவர் இந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேசத் தடை ஏதுமில்லை. 18-க்குக் கீழ் என்பதால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1985-இல் கில்லிக் வழக்கில் வந்த தீர்ப்பு, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சியுள்ள 16-க்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தானே சம்மதிக்கலாம் என்றது. நம் மருத்துவர்கள் நடைமுறையில் 18-ஐத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். தடை இல்லை, கடமையும் இல்லை, வழிகாட்டியும் இல்லை என்றால் மருத்துவர் என்ன செய்வார்? பெரும்பாலும் வேறிடத்துக்கு அனுப்புவார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் காலத்தில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்குமாவது ஒருவர் பக்கத்தில் இருந்தார். இந்த விஷயத்துக்கு அன்றும் எவரும் இல்லை, இன்றும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எந்த வரிசையில் நிற்பது என்று சொல்லத் தெரிந்தவர் அபூர்வம்.

18 வயதைத் தாண்டி, தாய்லாந்து போய்ப் பணம் செலவழித்து வந்தாலும் பதிவு இலாகாவின் முகப்பில் பழைய கதைதான். 2005-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், மருத்துவர்களின் சாட்சியத்தை ஏற்று அட்டையை மாற்றச் சொன்னார். அதே ஆண்டு வெளியான ஈப்போத் தீர்ப்பொன்று மாட்டேன் என்றது. 2016-இல் நீதிபதி எஸ். நந்தபாலன், ஒரு திருநம்பியின் மனுவில், அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையில் தன் அடையாளத்தோடு வாழ்வதும் அடங்கும் என்ற நோக்கில் தீர்ப்பெழுதினார். 2017 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பதிவுச் சட்டத்தின் திருத்தப் பிரிவு, பதியும்போது நேர்ந்த பிழைக்கானது. பிறந்தபோது பதிவு சரியாகத்தானே இருந்தது என்பது வாதம். வாழ்க்கையே மாறிய பிறகும் எழுத்துப் பிழை இருந்ததா என்று மட்டும் கேட்பதற்காக எழுதப்பட்ட பிரிவு அது. அட்டை மாறாவிட்டால் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 69-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் அல்லாத மணம் செல்லாது என்பது அது.

தமிழ் பேசும் இன்னொரு நிலத்தில் இதே ஆண்டுகளில் வேறொன்று நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று ஒரு தீர்ப்பு சொன்னார். வழக்கு தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிய மறுத்தது பற்றியது. இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்த்ததோடு அவர் நிற்கவில்லை. இருபால் உறுப்புகளோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்து இல்லாதபோது பால் திருத்தும் அறுவை செய்யக்கூடாது என்று தமிழக அரசு உத்தரவிட வேண்டும் என்றார். அந்த ஆகஸ்டிலேயே அரசாணை வந்தது. உயிராபத்து உண்டா என்று பார்க்க நிபுணர் குழு. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு. உலகில் மால்டா 2015-இல் சட்டமாகச் செய்திருந்தது. மதுரையைச் சேர்ந்த கோபி சங்கர் போன்ற இடைப்பாலினச் செயற்பாட்டாளர்கள் இதற்குப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். இந்தத் தடை இந்தியா முழுமைக்கும் வேண்டும் என்று கோபி சங்கர் தொடுத்த மனுவில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

இலங்கை இன்னொரு வழியைப் பிடித்தது. 2016-இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று, 16 வயது நிரம்பியவர் மனநல மருத்துவரின் மதிப்பீட்டுக்குப் பின் பால் அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புப் பதிவை மாற்ற வழி செய்தது. நாடாளுமன்றத்தில் சண்டை இல்லை, நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கான வழக்கு இல்லை. ஒரு சுற்றறிக்கை. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 18-க்குக் கீழ்ப்பட்டவருக்குப் பெற்றோர் மூலம் விண்ணப்பிக்க இடம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் குறைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை.

அமெரிக்க மாநிலங்களின் தடைச் சட்டங்களைப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஆர்கன்சா தொடங்கிப் பல சட்டங்கள், பிள்ளையே கேட்கும் ஹார்மோனுக்குத் தடை போட்டுவிட்டு, பிறவியில் இடைப்பாலினக் குழந்தைக்குச் செய்யும் அறுவைக்குத் தெளிவாக விலக்கு தருகின்றன. தமிழ்நாட்டின் அரசாணை தடுப்பது அந்த விலக்கைத்தான். பிள்ளைகளைக் காப்பதாக இரண்டுமே சொல்கின்றன. பேசத் தெரியாத குழந்தையின் உடலைப் பெரியவர்களின் நிம்மதிக்காக வெட்டுவதும், பேசத் தெரிந்த பிள்ளை கேட்பதைத் தயங்கித் தயங்கிப் பரிசீலிப்பதும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. இந்த விஷயத்தில் மதுரைக் கிளைக்குத்தான் என் ஓட்டு.

பருவ வயதினரின் சிகிச்சையில் நான் அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். இங்கிலாந்தில் பிள்ளைகளின் பால் அடையாளச் சிக்கல்களைக் கவனித்த டாவிஸ்டாக் கிளினிக்குக்கு 2011–12-இல் சுமார் 250 பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். பத்தாண்டில் அது 5,000-ஐத் தாண்டியது. 2024 ஏப்ரலில், அந்தச் சேவையை ஆராய்ந்து வந்த ஹிலாரி காஸ் அறிக்கை, பருவம் நிறுத்தும் ஊசிக்கான ஆதாரம் பலவீனம் என்றது. ஆண்டு முடிவில் பிரிட்டிஷ் அரசு, மருத்துவ ஆய்வுக்கு வெளியே அந்த ஊசியைப் பால் அடையாளக் காரணத்துக்காகப் பிள்ளைகளுக்குத் தருவதைக் காலவரையின்றி நிறுத்தியது. பின்லாந்தும் சுவீடனும் அதற்கு முன்பே எச்சரிக்கைப் பாதைக்குத் திரும்பின. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சிகிச்சையை ஆதரித்தே நின்றது. மருத்துவர்களே பிரிந்து நிற்கும் இடத்தில் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் எச்சரிக்கை என்றால் கிளினிக், மதிப்பீடு, காத்திருப்பு, பின்தொடர்தல். இங்கிலாந்து நிறுத்தியபோதும் பிள்ளைகளுக்கான மனநலச் சேவையை மூடவில்லை. மூடுவதற்கு அவர்களிடம் ஒரு சேவையாவது இருந்தது. நம்மிடம் மாத்திரைப் பட்டை மட்டும் இருக்கிறது. இந்த நிலையில் இங்கே யாராவது தடைச் சட்டம் கேட்டால், எதைத் தடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

செய்யக்கூடியது கூட்டரசு அமைந்திருக்கும் புத்ராஜெயாவில் இருக்கிறது; மலாக்காச் சட்டமன்றத்தில் இல்லை. இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போடச் சொல்லச் சுகாதார அமைச்சின் ஒரு சுற்றறிக்கை போதும். அட்ரீனல் சுரப்பிக் கோளாறோடு பிறக்கும் பெண் குழந்தையின் உறுப்பு ஆணுறுப்புபோலத் தோன்றலாம். அங்கே அவசரமாகத் தேவைப்படுவது ஹார்மோன் மருந்து. உடல் உப்பை இழக்கும் வகைக் கோளாறில் அந்த மருந்து கிடைக்காவிட்டால் சில வாரங்களில் குழந்தை இறந்துவிடும். கத்தி காத்திருக்கலாம், மருந்து காத்திருக்க முடியாது. இந்த ஒரு வரி தெரியாமல், ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் அறுவைக்குத் தலையாட்டும் இளம் தாய்மாருக்கு ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம் போதும். இதில் சமயச் சண்டைக்கும் இடமில்லை: 1982 முடிவே இந்தக் குழந்தைகளைத் தனியாகத்தான் வைத்தது.

பருவ வயதினருக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தை நலப் பிரிவும் மனநலப் பிரிவும் சேர்ந்து யாரைப் பார்ப்பது, யார் கையெழுத்திடுவது என்ற நடைமுறை ஒன்று வேண்டும். ஹார்மோன் கொடுப்பதா இல்லையா என்பது அதற்குப் பின் வரும் கேள்வி. ஏற்கெனவே மருந்துக் கடை மாத்திரை விழுங்கும் பிள்ளைக்கு இரத்தச் சோதனை செய்ய, அதைக் குற்றவாளிபோலக் கேட்காமல் செய்ய, எந்தச் சட்டத்தையும் மாற்றவேண்டியதில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆறாம் ஆண்டு முடிவில் பிள்ளைகளை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பும்போது சீருடை, பேருந்து, புகுமுக வகுப்பு பற்றிக் கூட்டம் போடுகின்றன. அந்தக் கூட்டத்தில் இடைநிலைப்பள்ளியின் ஆலோசக ஆசிரியரையும் ஒருமுறை கூப்பிடலாம். அவரிடம் கேட்பதற்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கும், எந்தப் பிள்ளைக்காக என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.